ஓஎஸ் போடுதலின் இலக்கணம்

கணினிக்கு இயங்குதளம் மாற்ற வேண்டிய வேளை வரும்போது, பழையதை அடியோடு துடைத்துவிட்டுப் புதியதை நிறுவுவதா, பழையதன் மேலேயே புதியதை ஏற்றுவதா என்னும் வினா எழுகிறது. முன்னதைத் தூய நிறுவல் என்றும் பின்னதை மேம்படுத்தல் என்றும் நூலோர் வழங்குவர். கள்ளக்குறிச்சித் துருகம் சாலையில் இவை முறையே ‘பார்மட் அடித்தல்’, ‘அப்கிரேடு போடுதல்’ எனப்படும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால், இவ்வினா கோமுகி ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் எழுந்தது. கரும்புக்கு வெட்டு உத்தரவு உண்டு. நெல்லுக்கு உர அட்டவணை உண்டு. மரவள்ளிக்கு நடவுப் பட்டம் உண்டு. ஓஎஸ் போடுதலுக்கு மட்டும் முறையான இலக்கணம் வகுக்கப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. ‘அடித்தல்’ என்னும் வினை தமிழில் பல பொருள்களில் வரும். வெள்ளை அடித்தல், மொட்டை அடித்தல், பார்மட் அடித்தல் ஆகிய மூன்றிலும் அது ஒரு பொருளிலேயே நிற்கிறது: ஒரு பரப்பின்மேல் இருந்ததை இல்லையாக்கிப் பரப்பை மட்டும் எஞ்சவிடுதல். ‘போடுதல்’ அவ்வாறன்று. கோலம் போடுதல், தார் போடுதல், அப்கிரேடு போடுதல் ஆகியவற்றில் அடியில் உள்ள பரப்பு ஒப்புக்கொள்ளப்படுகிறது; அதன்மேல் ஒன்று இடப்படுகிறது. சிலர் ‘பார்மட் போடுதல்’ என்பர். அது மயக்க வழக்கு. வினை மயங்கிய இடத்தில் செயலும் மயங்கும் என்பதற்கு, அவ்வாறு சொல்லிக் கணினியைக் கடையில் விட்டுச் சென்றோர் இழந்த புகைப்படங்கள் சான்று.

தார் போடுதல் பற்றிய ஒரு நுட்பம் இங்கு கருதத்தக்கது. பழைய சாலையின்மேல் மீண்டும் மீண்டும் சாலை போட்டால் தெரு உயரும், வீடுகள் தாழும், மழைநீர் வாசற்படி ஏறும். ஆகவே பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவுறுத்தியது. விண்டோஸ் 7இன்மேல் 10ஐயும், 10இன்மேல் 11ஐயும் ஏற்றிய கணினியில் கோப்புறைகள் தெருவைப்போல உயர்வதும், உரியவரின் பொறுமை வீட்டைப்போலத் தாழ்வதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன.

இனி இலக்கணம். இரண்டு சொற்கள் சேருமிடத்து முன்னே நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. மேம்படுத்தலில், வட்டில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் விண்டோஸ் 10 நிலைமொழி. வந்தேறும் விண்டோஸ் 11 வருமொழி. இவற்றின் சேர்க்கை புணர்ச்சி. மாற்றமின்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. மாற்றத்தோடு சேர்வது விகாரப் புணர்ச்சி. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. எவரும் கேளாத செயலிகளின் சின்னங்கள் பட்டியலில் வந்து நிற்பது தோன்றல். இடக்கோடியில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவில் சென்று அமர்வது திரிதல். நெடுநாள் உழைத்த பழைய பிரிண்டர் பட்டியலிலிருந்து மறைவது கெடுதல். மூன்று விகாரமும் ஒரே பிற்பகலில் ஒருங்கே வருதலும் உண்டு.

உடம்படுமெய்க்கும் இங்கு இடம் உண்டு. இரண்டு உயிர்கள் நேர்ப்படுமிடத்து யகரமோ வகரமோ இடையில் தோன்றி அவற்றை உடம்படச் செய்கிறது. இயங்குதளம் ஓர் உயிர். பிரிண்டர் மற்றோர் உயிர். இடையில் நிற்கும் டிரைவர் என்னும் மென்பொருளே உடம்படுமெய். அது இல்லாதவிடத்து இரண்டும் விட்டிசைக்கும்; அதாவது, பிரிண்டரில் பச்சை விளக்கு எரியும், தாள் வராது.

தூய நிறுவலில் நிலைமொழி இல்லை. ஆகவே புணர்ச்சி இல்லை. புணர்ச்சி இன்மையால் விகாரமும் இல்லை. வருமொழி தனிமொழியாய் நிற்கிறது. இது அதன் பெருமை. விட்டுப்போன உடம்படுமெய்களையும் நீங்கிய செயலிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருப்பது அதன் சிறுமை.

தூய நிறுவல், நேர்த்திக்கடன் செலுத்தும் தலையைப்போல இருவகைப்படும்: முழுமொட்டை, பூமுடி. வட்டின் பகுதிகள் அனைத்தையும் நீக்கி, ஒதுக்கப்படாத வெற்றிடமாக்கி, அதில் நிறுவுவது முழுமொட்டை. சி டிரைவை மட்டும் துடைத்து, டி டிரைவைத் தொடாமல் விடுவது பூமுடி. நாட்டு வழக்கில் பூமுடியே பெரிதும் விரும்பப்படுவதற்குக் காரணம் டி டிரைவின் இயல்பு. டி டிரைவ் என்பது பரண். காதுகுத்து வீடியோ, பட்டா நகல், மூன்றாம் பருவத் தேர்வின் வினாத்தாள், எவருடையது என்று தெரியாத பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆகியன அங்கு உறையும். பரணில் ஏற்றியது இறங்குவதில்லை. ஆயினும் அது இருக்கிறது என்னும் எண்ணமே குடும்பத்துக்கு அமைதி.

டெஸ்க்டாப்பின் இடம் எது என்பதில் தெளிவு வேண்டும். கணினியைத் திறந்ததும் கண்ணில் படுவதால் அது பொதுவிடம் என்று கருதப்படுகிறது. அது பிழை. டெஸ்க்டாப் சி டிரைவுக்குள் அடங்கியது. திண்ணை தெருவைப் பார்த்து இருப்பினும் வீட்டையே சேர்ந்தது. வீடு இடிபடும்போது திண்ணையும் இடிபடும். திண்ணையில் வைத்த பொருளைப் பரணில் வைத்ததாக நினைத்தவர்களே பூமுடியால் கேடுற்றவர்கள்.

பகுதி பிரித்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கல்வராயன் மலை ஒன்றேயாயினும் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் பெயர்களில் மூன்று ஜாகிர்களாக இருந்தது. தென்னார்க்காடு 1993 செப்டம்பர் 30இல் பிரிந்து விழுப்புரம் தோன்றியது. விழுப்புரம் 2019 நவம்பர் 26இல் பிரிந்து கள்ளக்குறிச்சி தோன்றியது. இரண்டு பிரிவினைகளிலும் நிலம் அழியவில்லை. கோப்புகள் அலமாரி மாறின. பலகையில் பெயர் மாறியது. எனவே கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தூய நிறுவல் என்பது பொருந்தாது. பகுதி பிரித்துச் செய்த மேம்படுத்தல் என்பதே பொருந்தும். வட்டுக்கும் வட்டத்துக்கும் சொல்லளவில் உள்ள உறவையும் இங்கு நினைவுகூரலாம்.

மேம்படுத்தலுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அதில் பழைய இயங்குதளம் உடனே அழிவதில்லை, ‘விண்டோஸ்.ஓல்டு’ என்னும் கோப்புறையில் கிடத்தப்படுகிறது. மனம் மாறினால் அதை மீட்டெழுப்ப 10 நாள் தவணை. விண்டோஸ் 10 வெளிவந்த 2015இல் இத்தவணை ஒரு மாதமாக இருந்தது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் 10 நாளாகக் குறைந்தது. பத்தாம் நாளிலோ பதினாறாம் நாளிலோ காரியம் முடிக்கும் நம் வழக்கோடு இது ஏறத்தாழ ஒத்துப்போகிறது. 16 என வைத்திருப்பின் இன்னும் பலருக்குப் பொருந்தியிருக்கும். தவணை கழிந்தபின் அக்கோப்புறை தானே நீங்கும். சிலர் இடம் போதவில்லை என்று இரண்டாம் நாளிலேயே அதை அழிப்பர். துக்க வீட்டில் அன்றே உலை வைப்பதை ஒத்த செயல் அது. பிரிண்டர் கெட்டது மூன்றாம் நாளில்தான் தெரியவரும்.

தெரிவுக்கே இடமில்லாத நிலைகள் மூன்று. முதலாவது, தலைமுறை விட்டுப்போதல்: 2001இல் வந்த எக்ஸ்பியிலிருந்து 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு நேரே மேம்படுத்தும் வழி இல்லை. இடையில் நின்ற விஸ்டாவைத் தாண்டிக் குதித்தவர் அனைவரும் தூய நிறுவலுக்கே ஆளாயினர். இரண்டாவது, அகல மாற்றம்: 32 பிட் இயங்குதளத்தின்மேல் 64 பிட் இயங்குதளத்தை ஏற்ற இயலாது. மூன்றாவது, தகுதிக் குறைவு: விண்டோஸ் 11 தனக்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி இடமும் வேண்டும் என்கிறது. சில்லில்லாத கணினிக்கு நிலைமொழியே கதி.

இரு குடித்தனம் என்னும் நிலையையும் இங்கேயே ஆராய்தல் தகும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்காலக் கணினிகளில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒரே வட்டில் குடியிருந்தன. இத்தகைய கணினியில் விண்டோசை மட்டும் புதிதாக நிறுவினால், அது வாசலைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். லினக்ஸ் அழிவதில்லை, வாசல் அடைபட்ட வீட்டினுள் இருந்தபடியே காணாமற்போகிறது. இருப்பும் இன்மையும் ஒருங்கே பொருந்திய இந்நிலைக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. ‘உள்ளிருந்து ஒழிதல்’ எனலாம்.

மேம்படுத்தலின் பக்கம் நிற்கும் மிக வலிய சான்று அச்சகம். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகிய மூன்றையும் ஒரே கணினியில் கட்டமைக்கும் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் இன்றும் வாழ்கிறது. அதன் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பின் பெரும்பதிப்பு இல்லை. அதனுள் வானவில், ஸ்ரீலிபி, பாமினி முதலிய எழுத்துருக்கள் உறைகின்றன. இவை ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி ரோமன் எழுத்துகளின் இடங்களில் அமர்த்தியவை. இக்குழப்பம் தீர அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளையும், 2010இல் ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது. ஆயினும் 2003இல் கட்டமைத்த பத்திரிகைக்கு 2010இன் அரசாணை தெரியாது. கணினியைத் தூய நிறுவலுக்கு உட்படுத்தி, எழுத்துருவைச் சேர்க்க மறந்தால், பாமினியில் அமைந்த மணமகன் பெயர் ரோமன் எழுத்துகளாகச் சிதறும். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகி நிற்கும். மணமகளின் பெயருக்கும் அதுவே நேரும். முகூர்த்த நேரத்தின் எண்கள் மட்டும் பிழையின்றி இருக்கும். எவர் என்று தெரியாத இருவர்க்கு எப்போது திருமணம் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும் பத்திரிகை அது. ஆதலின் அச்சகத்தார் தம் கணினியைப் பார்மட் அடிக்க அஞ்சுவது மூடநம்பிக்கை அன்று, தொழிலறிவு.

மலைக்கு வேறு விதி. கல்வராயன் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குவன கடுக்காய், புளி, தேன், மரவள்ளி. சமவெளியிலிருந்து மலைக்கு ஏறுவனவற்றுள் இயங்குதளமும் ஒன்று. பல ஜிபி அளவுள்ள கோப்பைச் சிக்னல் மெலிந்த குன்றூர்களில் பெறுதல் அரிதாகையால், அது கள்ளக்குறிச்சியில் பென்டிரைவில் இறக்கப்பட்டு, பேருந்தில் வெள்ளிமலைக்கு ஏற்றப்படுகிறது. பதிவிறக்கம் தாழ்நிலத்திலும் ஏற்றம் உயர்நிலத்திலும் நிகழ்வது சொல்லுக்கும் நிலத்துக்கும் உள்ள அரிய பொருத்தம்.

மலையில் தூய நிறுவலுக்கு ஒரு வளையச் சிக்கல் உண்டு. விண்டோஸ் 11 நிறுவலின் நடுவே இணைய இணைப்புக் கேட்கும். இணைப்புக்கு வைஃபை டிரைவர் வேண்டும். புதிய இயங்குதளத்தில் அந்த டிரைவர் இல்லையேல் அதை இணையத்திலிருந்து பெற வேண்டும். இணையத்துக்கு இணைப்பு வேண்டும். இவ்வளையத்தை உடைக்கும் கருவி கைப்பேசி: அதை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு பிணைத்தால் தனி டிரைவர் இன்றியே இணையம் பாயும். ஆனால் கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டும். சிக்னல் ஊருக்கு வெளியே ஒரு பாறையின்மேல்தான் கிடைக்கும் எனில், கணினியும் கைப்பேசியும் கம்பியும் உரியவரும் ஒருங்கே அப்பாறைக்குச் செல்ல வேண்டும். மேம்படுத்தலிலோ பழைய கணக்கும் பழைய டிரைவர்களும் பெரும்பாலும் உடன்வரும், பாறை வேண்டியதில்லை. எனவே மலைக்கு மேம்படுத்தலும், சமவெளிக்குத் தூய நிறுவலும் உரியன என்று திணை வகுக்கலாம். அச்சகம் மட்டும் சமவெளியில் இருந்தும் மலையின் ஒழுக்கத்தை மேற்கொள்ளும், அது திணைமயக்கம்.

முன்னோர் இவ்வினாவை எவ்வாறு தீர்த்தனர் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. திருக்கோவலூர்த் திருமால் கோயிலின் செங்கல் தளியைப் பிரித்து, 11ஆம் நூற்றாண்டில், சோழன் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், மிலாட்டுத் தலைவன் நரசிங்கவர்மன் கருங்கல்லால் எடுத்தான். இது ஐயமறத் தூய நிறுவல்: பழைய கட்டு நீங்கியது, இடம் நின்றது, இறைவன் நின்றான். திருப்பணி நிகழும் நாளில் தெய்வ ஆற்றலைக் கருவறையிலிருந்து வேறிடத்துக்கு எழுந்தருளச் செய்யும் பாலாலயம் என்னும் வழக்கத்தைப் பேக்கப் என்றும், குடமுழுக்கை ரீஸ்டோர் என்றும் கொள்வதில் தடையில்லை. பாலாலயம் செய்யாமல் கருவறையில் கைவைக்கும் தபதி இல்லை. பேக்கப் எடுக்காமல் சி டிரைவில் கைவைப்போர் உண்டு.

இன்னும் நுட்பமான சான்று மாவட்டத்துக்கு வெளியே, திருக்கோடிகாவலில் உள்ளது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அக்கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. கொடையாளர் பெயர், நிலத்தின் எல்லை, விளக்குக்கு விட்ட ஆடு ஆகிய எவையும் பழைய சுவரோடு போகவில்லை. கட்டடம் தூய நிறுவல், ஆவணம் மேம்படுத்தல். இரண்டையும் ஒருங்கே நிகழ்த்திய இம்முறையை விஞ்சும் முறை பின்னர் வந்த எந்தப் பதிப்பிலும் காணப்படவில்லை.

இனி மறுப்புகளும் விடைகளும். மேம்படுத்தினால் கணினி மெதுவாகும் என்பது முதல் மறுப்பு. மெதுமைக்குக் காரணம் பெரும்பாலும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கும், கணினி எழும்போதே உடன் எழும் செயலிகளின் கூட்டமுமே. எஸ்எஸ்டி மாற்றினால் இருவகை நிறுவலும் விரையும். தூய நிறுவலின் வேகம் புதுப்புனத்தின் முதல் விளைச்சலைப் போன்றது: முதற்பருவத்தில் தினை தழைக்கும், அடுத்தடுத்த பருவங்களில் களை தன் இடத்தைக் கேட்கும். தூய நிறுவல் வைரசை வேரறுக்கும் என்பது இரண்டாம் மறுப்பு. முழுமொட்டையில் இது பெரும்பாலும் மெய். பூமுடியில், டி டிரைவில் பதுங்கிய ஷார்ட்கட் வைரஸ் உரியவரின் கைகொண்டே ஒருநாள் திறக்கப்படும். பரணைத் தட்டாமல் வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்க்குக் கரப்பான் மீள்வது வியப்பன்று.

இறுதியாக, கடையில் கேட்கப்படும் ஒரே கேள்வி. கணினியை வாங்கி மேசைமேல் வைத்தவர், “டேட்டா எதாவது வேணுமாண்ணா?” என்பார். விடை நான்கு வகைப்படும். “இந்த மூணு ஃபோல்டர் மட்டும் வேணும்” என்பது அறிந்தார் விடை. “எல்லாமே வேணும்” என்பது அஞ்சினார் விடை. “ஒண்ணும் இல்ல, அடிச்சிருங்க” என்பது துறந்தார் விடை. “எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு” என்பது நம்பினார் விடை. மறுநாள் காலை ஒலிக்கும் “பாப்பா போட்டோ எங்க இருக்கு?” என்பது வினாவாகையால் இவ்வகைப்பாட்டில் அடங்காது. அறிந்தார்க்கும் அஞ்சினார்க்கும் எம்முறையும் தீங்கிழைப்பதில்லை. துறந்தார் தீங்கைக் கடந்தவர். நம்பினார் பொருட்டே இலக்கணம் வேண்டியுள்ளது.

இவற்றால் பெறப்படுவது: தூய நிறுவலா மேம்படுத்தலா என்பது இரண்டாம் வினா. படி எடுத்தாயிற்றா என்பதே முதல் வினா. படி உள்ளவர்க்கு இரண்டும் ஒன்று. படி இல்லாதவர்க்கு இரண்டும் இல்லை. செம்பியன் மாதேவியாரின் கல்தச்சர் முதலில் படி எடுத்தனர்; பிறகே சுவரைத் தொட்டனர்.

ஒரு விதி எஞ்சுகிறது. முறைமை முழுவதும் அதன்மேல் நிற்கிறது. இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி அதைப் பூட்டபிள் ஆக்கும்போது, அப்பென்டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழியும். ஆகவே படி எடுத்த பென்டிரைவையே பூட்டபிள் ஆக்கலாகாது. அவ்வாறு ஆக்கினவர், பழங்கல்லின் படியைப் புதுச்சுவரில் வெட்டிவிட்டு, அச்சுவரையே இடித்துக் கோயில் கட்டத் தொடங்கியவர் ஆவர். வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறுமுன் இது நினைவில் இருத்தற்குரியது; ஏறியபின் நினைவு வருவதால் பயனில்லை.

ஆகவே, பென்டிரைவ் இரண்டு வேண்டும்.